பருத்திக்கொட்டைத் தீனியும் காஸிபால் என்னும் விஷச்சத்தும்

கறவைப் பசுவுக்கும் உழவு மாட்டுக்கும் பருத்திக்கொட்டையைப் போன்ற புஷ்டியான தீனி வேறொன்று இல்லையென்பது கொங்குநாட்டிலும் பாண்டிநாட்டிலும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்டறிந்த விஷயம். இரவில் ஊறவைத்த கொட்டையை விடியற்காலையில் ஆட்டுரலில் இட்டு ஆட்டி, தவிட்டோடும் கழுநீரோடும் கலந்து தொட்டியில் வார்த்தால், மாடு ஒரு துளியும் மிச்சம் விடாமல் உறிஞ்சிக் குடிக்கும். பாலில் கொழுப்பு ஏறும். ஏர் மாட்டின் தோலில் மினுமினுப்புக் காணும். இந்த அநுபவத்திற் பிழையொன்றுமில்லை. கொட்டையின் எடையில் சுமார் 20 சதவீதம் எண்ணெயும், அதற்குச் சற்று மேலாகவே புரதச் சத்தும் அடங்கியிருக்கின்றன. 100 கிலோ பருத்தியை ஆலையில் அரைத்தால் பஞ்சாகக் கிடைப்பது ஏறக்குறைய 35 கிலோதான். மிகுதியிற் பெரும்பகுதி கொட்டையே. துணிக்காகப் பயிரிடப்படும் செடி, துணியைக் காட்டிலும் தீனியையே அதிகமாய்த் தருகிறது என்றாலும் தகும்.

ஆனால் இதே கொட்டை, இதே தொழுவத்தில், பால்குடி மறவாத கன்றின் வயிற்றிற் சென்றால் விஷமாக முடிவதுண்டு. தாய்க்கு ஏற்றது சேய்க்கும் ஏற்கும் என்று எண்ணி, அன்பினாலேயே கன்றின் முன் ஒரு கைப்பிடி அதிகமாக வைக்கிறார்கள். முதலில் கன்று செழிப்பாகவே வளரும். சில வாரங்களோ சில மாதங்களோ கழிந்தபின் தீனியை வெறுத்து, மூச்சு வாங்கி, ஒருநாள் காலையில் இறந்து கிடக்கும். வீட்டார் அதைக் கண்ணேறு என்றும், மார்ச்சளி என்றும், பூச்சிக்கடி என்றும் கூறி மனந்தேறுவர். நாள்தோறும் தம் கையாலேயே வைத்த தீனியின்மீது சந்தேகம் பிறப்பது அரிது. சங்கத்திற் கடன்பெற்றுப் பசு வாங்கிய அங்கத்தினருக்கு ஒரு கிடேரிக்கன்று இறப்பது, இரண்டு மூன்று வருஷங்களில் வரவிருந்த மற்றொரு கறவையை இழப்பதற்குச் சமானம். கடனோ முன்போலவே நிற்கும். ஆகையால் பருத்திக்கொட்டையில் மறைந்திருக்கும் இந்த விஷச்சத்து எத்தன்மையது, எந்தப் பிராணியை அது தாக்கும், எதை விட்டுவிடும் என்பவற்றைப் பருத்தி விளைவிப்போரும் கொட்டை வாங்குவோரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

கருநிறப் புள்ளிகள்

பருத்திக்கொட்டை ஒன்றை எடுத்து, மேல்தோட்டை நீக்கி, உள்ளிருக்கும் பருப்பைக் கத்தியால் குறுக்கே அரிந்து வெயிலில் வைத்துப் பார்த்தால், வெளிர் மஞ்சளான பருப்பில் மிளகுத்தூள் தூவினாற்போலச் சிறு சிறு கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்ணிய பை. அதே செடியின் இலையையும் இளங்காயையும் கூர்ந்து நோக்கினால் அங்கும் இப்புள்ளிகள் காணப்படும். இவற்றினுள் மஞ்சள் நிறமுள்ள ஒரு வஸ்து அடைபட்டிருக்கிறது. அதற்குக் காஸிபால் என்று பெயர். பருத்தியினத்துக்குச் சாஸ்திரிகள் வழங்கும் காஸிப்பியம் என்ற சொல்லையும் பீனால் என்ற சொல்லையும் இணைத்து உண்டாக்கிய பெயர் இது. இதில் ஒலிக்கும் ‘பால்’ பசுவின் பாலன்று என்பதை ஒரு முறை சொல்லிவைப்பது நல்லது. ஏனெனில் பின்னால் பருத்திப்பாலைப் பற்றியும் பேச நேரும்.

பீனால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். கிருமிகளைக் கொல்வதற்கு ஆஸ்பத்திரிகளில் முற்காலத்தில் மிகுதியாய் வழங்கிய கார்பாலிக் அமிலமே இக்குடும்பத்தில் மிக எளிய அமைப்புள்ளது. மஞ்சளின் நிறமும், கிராம்பின் காரமும், பாக்கின் துவர்ப்பும், முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்குவதும் இக்குடும்பத்தைச் சேர்ந்த வெவ்வேறு சத்துக்களால் நேர்பவை. செடிகள் ஓடித் தப்ப இயலாதவை. ஆகையால் தம்மைத் தின்ன வரும் புழு, பூச்சி, விலங்கு ஆகியவற்றினின்று காத்துக்கொள்ள இத்தகைய சத்துக்களைத் தம் உடலிலேயே தயாரித்து வைத்துக்கொள்கின்றன. பருத்திச்செடியின் காவல் காஸிபால். செடியின் நோக்கம் தன் விதையைக் காப்பதே. அந்த விதை மனிதன் வளர்க்கும் கன்றுக்குத் தீனியாகும் என்பது அதன் கணக்கில் வரவில்லை.

இந்தச் சத்து வெளிப்பட்ட வரலாறு ஆலைகளில் தொடங்கியது. பருத்திக்கொட்டையிலிருந்து பிழியும் கச்சா எண்ணெய் கருஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணமான நிறச்சத்தை 1886இல் லாங்மோர் என்பவர் பிரித்தெடுத்தார். 1899இல் போலந்து தேசத்து ரசாயன சாஸ்திரியான மார்ஹ்லெவ்ஸ்கி அதைச் சுத்தமான படிகமாக்கிப் பெயருமிட்டார். அவர்கள் இருவருக்கும் அது வெறும் நிறமே. அமெரிக்காவில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைத் தின்ற பன்றிகள் மடிவதன் காரணம் பல வருஷங்கள் விளங்காதிருந்தது. 1915இல் வட கரோலைனாவில் விதர்ஸ், காருத் என்னும் இருவர், குற்றவாளி இந்த மஞ்சள் சத்தே என்று பரீட்சைகளால் நிரூபித்தனர். 1938இல் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராஜர் ஆடம்ஸும் அவருடைய சகாக்களும் அதன் அணு அமைப்பை முழுமையாக வெளியிட்டனர். ஒரே காஸிபால், வலக்கையும் இடக்கையும் போல இரண்டு வடிவங்களில் செடியில் உண்டாகிறது என்பதும், இரண்டில் ஒன்றே விஷத்தில் மிஞ்சியது என்பதும் பின்னர்த் தெரிந்தன.

எல்லாப் பருத்தியிலும் இதன் அளவு ஒரே மாதிரியானதன்று. கம்போடியாப் பருத்தியின் வழிவந்த இனங்களிலும், கருங்கண்ணி போன்ற நாட்டு இனங்களிலும் இது உண்டு. 1974இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் பருத்தி சேர்ந்துள்ள மிக நீண்ட இழை இனத்தின் கொட்டையில் பொதுவாக இச்சத்து மற்றவற்றினும் அதிகம். அதிலும் கொடிய வடிவத்தின் பங்கு கூடுதல். பஞ்சின் விலையுயர்வைப் பார்த்துக் கொட்டையும் உயர்ந்ததென்று கருதுவது இவ்விடத்திற் பொருந்தாது.

பெரிய மாடு பிழைப்பதும் கன்று மடிவதும்

காஸிபாலில் இரண்டு நிலைகள் உண்டு. கட்டுப்படாமல் தனித்திருக்கும் நிலை ஒன்று. புரதத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கும் நிலை மற்றொன்று. தனித்திருப்பதே குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்திற் கலந்து தீங்கு செய்யும். பிணைந்து விட்டால் அதன் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறிவிடும். உடைக்கப்படாத கொட்டையில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் தனித்திருக்கும் காஸிபாலே.

அசைபோடும் பிராணிகளின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதலறையான பெரும்பையில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்ந்து, தின்ற தீனியைப் புளிக்கச் செய்கின்றன. காஸிபால் அங்கு வந்து சேர்ந்ததும், அந்தப் பையிலுள்ள கரையும் புரதங்களோடு பிணைந்து பெரும்பாலும் கட்டுப்பட்டுப் போகிறது. வளர்ந்த பசுவும் எருதும் எருமையும் பருத்திக்கொட்டையைத் தின்று கொழுப்பதன் இரகசியம் இதுவே. பிறந்த கன்றுக்கோ இப்பெரும்பை பெயரளவில்தான் இருக்கிறது. குடித்த பால் அதைத் தொடாமலே நேராக நான்காம் அறைக்குச் செல்லும். புல்லும் வைக்கோலும் தின்னப் பழகிய பிறகே பெரும்பை விரிந்து நுண்ணுயிர்கள் குடியேறும். அது செவ்வனே வேலை செய்வதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதுவரையில் கன்று, வயிற்றளவில் பன்றியையும் கோழியையும் போன்றதே. காஸிபாலைக் கட்டுவதற்கு அதனிடம் சாதனமில்லை.

இந்த விஷம் ஒரு நாளிற் கொல்வதன்று. ஈரலிலும் மற்ற உறுப்புக்களிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நான்கு வாரங்களுக்குப் பின்னரோ சில மாதங்களுக்குப் பின்னரோ தன் குணத்தைக் காட்டும். அதனால்தான் காரணத்தையும் காரியத்தையும் வீட்டார் இணைத்துப் பார்ப்பதில்லை. தீனியைக் கண்டு முகந்திருப்புதல், இளைத்தல், சோர்ந்து தனியே நிற்றல், சற்று நடந்தாலும் மூச்சு வாங்குதல், தாடைக்குக் கீழும் மார்பிலும் நீர்கோத்து வீங்குதல் ஆகியவை அடையாளங்கள். சில கன்றுகள் ஓர் அடையாளமும் காட்டாமல், ஓட்டிச் செல்லும்போதோ கட்டவிழ்க்கும்போதோ திடீரென்று விழுந்து இறப்பதும் உண்டு. இருதயத்தின் தசை தளர்ந்துவிடுவதே அதற்குக் காரணம். இறந்த கன்றை வைத்தியர் அறுத்துப் பார்த்தால் மார்பிலும் வயிற்றிலும் நீர் தேங்கியிருக்கும். இருதயம் துவண்டு பெருத்திருக்கும். மூச்சுத் திணறலை மட்டும் கண்டு நிமோனியாக் காய்ச்சல் என்று எண்ணி மருந்திட்டுக் காலம் போக்குவது அடிக்கடி நேரும் தவறு. ஒரே தொழுவத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கன்றுகள் இவ்வாறு வாடினால், வைத்தியரை அழைக்கும்போதே அவற்றின் தீனியில் என்ன கலக்கப்படுகிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. கொட்டையையும் அதன் பிண்ணாக்கையும் அன்றே நிறுத்துவது ஒன்றே வழி. நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்கள் வரையில் சில கன்றுகள் இறப்பதுண்டு. உடம்பிற் சேர்ந்தது உடனே நீங்குவதில்லை. அந்த நாட்களில் கன்றை வெயிலில் ஓட்டாமலும், விரட்டிப் பிடிக்காமலும், நிழலிற் கட்டிப் பசும்புல் கொடுத்து அமைதியாக வைத்திருத்தல் நலம்.

பொலிகாளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசுவின் கருத்தரிப்பைக் காஸிபால் அதிகமாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை. காளையின் விந்தணுக்களையோ அது சிதைக்கும். ஊர்ப்பொதுவில் வளர்க்கும் காளைக்குப் பருத்திக்கொட்டை ஊட்டிப் பலமேற்றுவது மரியாதையாகக் கருதப்படுகிறது. இந்த மரியாதையினால் காளை தன் வேலைக்கே உதவாமற் போகக்கூடும். தீனியை மாற்றினால் சில மாதங்களிற் சரிப்படும்.

எவ்வளவு கொடுக்கலாம்

காஸிபாலைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவது வழக்கம். ஒரு கிலோ தீனியில் ஒரு மில்லிகிராம் இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகும். இளங்கன்றின் மொத்தத் தீனியில் தனித்திருக்கும் காஸிபால் 100 பங்குக்கு மேற்படலாகாது. முழுப் பருத்திக்கொட்டையில் இது சுமார் 6,000 பங்கு வரையில் இருக்கும். கன்றின் அடர்தீனியில் நாலில் ஒரு பங்கு அரைத்த கொட்டை என்று வைத்தால், அதில் விழுவது 1,500 பங்கு. அதாவது வரம்பைப் போலப் பதினைந்து மடங்கு. அன்பினால் வைத்த ஒரு கைப்பிடியின் கணக்கு இது.

பிண்ணாக்கில் அளவு மாறுபடும். எண்ணெய் எடுத்த முறையே அதைத் தீர்மானிக்கிறது. திருகு யந்திரத்தில் சூடேற்றிப் பிழிந்த பிண்ணாக்கில் 200 முதல் 500 பங்கு வரையே மிஞ்சும். சூட்டினால் காஸிபால் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. பிழியாமல், கரைப்பான் திரவத்தை மட்டும் ஊற்றி எண்ணெயை வடித்தெடுத்த பிண்ணாக்கிலோ 1,000 முதல் 5,000 பங்கு வரையில் நிற்கக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விலையில் முன்பின்னாக இருக்கலாம். அதைக் கொண்டு குணத்தை அறிய இயலாது. திருகு யந்திரத்துப் பிண்ணாக்கானாலும் கன்றின் தீனியில் நாலில் ஒரு பங்கு சேர்த்தால் வரம்பின் பாதி முதல் வரம்பைத் தாண்டும் அளவு வரையில் சேரக்கூடும் என்பதை மேற்கண்ட எண்களிலிருந்தே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆகவே நான்கு மாதம் நிரம்பாத கன்றுக்குப் பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும் வேண்டாம் என்று வைத்துவிடுவதே உத்தமம். நிலக்கடலைப் பிண்ணாக்கோ எள்ளுப் பிண்ணாக்கோ அந்த இடத்தை நிரப்பும். ஆட்டுக்குட்டிகளுக்கும் இந்த விதியே பொருந்தும்.

வளர்ந்த கறவைக்கு, அது ஒரு நாளில் உட்கொள்ளும் தீனியின் உலர்ந்த எடையில் 15 சதவீதத்துக்கு மேற்படாமல் கொட்டை வைக்கலாம். 10 கிலோ உலர்தீனி தின்னும் பசுவுக்கு இது 1½ கிலோ ஆகும். மேல்நாட்டுப் பெரும் பசுக்களுக்கு 2, 3 கிலோ கொடுக்கிறார்களென்று படித்துவிட்டு, அவற்றின் பாதி எடையுள்ள உள்ளூர்ப் பசுவுக்கும் அப்படியே அளந்து வைப்பது கூடாது. பஞ்சிழை ஒட்டிய முழுக் கொட்டை பெரும்பையில் மெல்ல மெல்லவே கரையும். அரைத்த கொட்டையிலிருந்து காஸிபால் விரைவாக வெளிப்படும். அரைத்துக் கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும், அரைத்ததை வேகவைத்துக் கொடுப்பதும் நல்லது. வேகும்போது காஸிபாலில் ஒரு பங்கு புரதத்தோடு பிணைந்து அடங்கும். விறகுச் செலவைப் பார்த்து இதைக் கைவிட்ட வீடுகள் பல. பழைய பாட்டிமார் மாட்டுக்குக் கொட்டையைக் காய்ச்சி வைத்ததில் நியாயம் இருந்தது.

கோழி, பன்றி ஆகியவற்றுக்குப் பெரும்பை கிடையாது. பன்றித் தீனியில் 100 பங்கும், முட்டையிடும் கோழியின் தீனியில் 50 பங்கும் எல்லையாகக் கூறப்படுகின்றன. கோழிக்கு உயிரச்சம் நேருமுன்பே வியாபார நஷ்டம் நேர்ந்துவிடும். காஸிபால் முட்டையின் மஞ்சட்கருவிலுள்ள இரும்புச் சத்தோடு கூடி, வைத்திருக்க வைத்திருக்க அதைப் பாசிநிறமாகவும் பழுப்பாகவும் மாற்றிவிடுகிறது. முட்டை கெட்டுப்போனதென்று வாங்கியவர் திருப்பி அனுப்புவார். விற்றவருக்குக் காரணம் புலப்படாது.

இரும்போடு கூடும் இந்தக் குணத்தையே விஷத்துக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கும் பச்சைநிற உப்பு, இரும்பும் கந்தக அமிலமும் கூடியது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. பன்றித் தீனியில் தனித்த காஸிபால் எவ்வளவோ அவ்வளவு எடை இரும்பு சேர்த்தால் காஸிபால் குடலிலேயே கட்டுப்படும். 100 கிலோ தீனியில் 10 கிராம் காஸிபால் இருப்பதாகத் தெரிந்தால் 50 கிராம் அன்னபேதி போதும். முட்டைக் கோழிக்கு இதைப் போல நான்கு மடங்கு தேவை. தீனியைப் பரிசோதித்து எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் குத்துமதிப்பாக அள்ளிப் போடலாகாது. இரும்பு மிகுந்தாலும் தீங்கே. கடைச்சரக்கில் வேறு உப்புக்கள் கலந்திருத்தலும் கூடுமாதலால், கால்நடை வைத்தியரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும்.

மனிதருடைய ஆகாரத்தில்

மதுரையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பருத்திப்பால் குடிப்பது பிரசித்தம். கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, சக்கையை நீக்கி, வடித்த பாலோடு அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். காஸிபாலின் சிறு பைகள் எண்ணெயில் உடையாதவை. நீர் பட்டால் உடைந்துவிடும். உடைந்து வெளிப்படுவது கொதிக்கும்போது பாலிலுள்ள புரதத்தோடு பிணைகிறது. ஆகவே இப்பானத்தை நன்றாகக் கொதிக்கவைப்பது சுவைக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று. அவசரத்துக்கு அரைகுறையாய்ச் சூடாக்கி இறக்குவதும், கொட்டையைப் பச்சையாக அரைத்து உண்பதும் தவிர்க்கத் தக்கவை. மனிதர் உண்ணும் பருத்திக்கொட்டைப் பண்டங்களில் தனித்த காஸிபால் 600 பங்குக்கு மேற்படலாகாதென ஐக்கிய நாடுகளின் ஆலோசனைக் குழுவும், 450 பங்குக்கு மேற்படலாகாதென அமெரிக்க அரசாங்கமும் வரம்பு கட்டியிருக்கின்றன. பருத்திப்பால் மாவு தயாரித்து விற்கும் மகளிர் குழுக்கள் தங்கள் சரக்கை ஒரு முறை பரிசோதிக்கச் செய்வது, வியாபாரத்துக்கும் நற்பெயராகும்.

எண்ணெயைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை, அது சுத்திகரித்த எண்ணெயாக இருக்கும்வரையில். காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது காஸிபால் முழுவதும் பிரிந்து, சவர்க்காரக் கசடோடு போய்விடும். சுத்திகரியாத எண்ணெயின் கதை வேறு. சீனாவில் ஜியாங்சு மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பல வருஷங்கள் குழந்தை பிறவாமல் இருந்ததன் காரணத்தை ஆராய்ந்தபோது, அவ்வூரார் வேகவைக்காத பருத்திக்கொட்டையைப் பிழிந்த கச்சா எண்ணெயிற் சமைத்து வந்தது வெளிப்பட்டது. முன்னெல்லாம் கொட்டையைச் சூடேற்றிய பிறகே பிழிவது அங்கே வழக்கம். அந்த ஒரு படியை விட்டதனால் வந்த வினை. வேறு சில இடங்களில் இதே எண்ணெயை உண்டவர்கள் உடற்சோர்வும் எரிச்சலும் கண்டனர்.

ஆடவரின் விந்தணுவைக் குறைக்கும் இக்குணத்தையே மருந்தாக்கிக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உதவச் செய்யலாமென்று சீன வைத்தியர்கள் 1972 முதல் முயன்றார்கள். 8,000க்கு மேற்பட்ட ஆடவர்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் வீதம் கொடுத்துச் சோதித்தனர். கருதிய பலன் பெரும்பாலோரிடம் கிடைத்தது. ஆயினும் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் உப்புக் குறைந்து கைகால் செயலிழந்தது. மருந்தை நிறுத்திய பின்னும் பத்தில் ஒருவருக்குக் குறையாமல் பழைய நிலை திரும்பவில்லை. அதனால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பருத்திக்கொட்டையைப் பற்றிக் கைவைத்தியமாகச் சொல்லப்படும் செய்திகளை நம்பிப் பச்சைக்கொட்டையைத் தின்போர் இதை அறிவது நலம்.

புள்ளியில்லாப் பருத்தி

விஷச்சத்து கரும்புள்ளிகளில் அடங்கியிருக்குமானால், புள்ளியே இல்லாத பருத்தியை உண்டாக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. 1950களில் அமெரிக்காவில் மக்மைக்கேல் என்பவர் அத்தகைய செடியை இனச்சேர்க்கையால் உண்டாக்கியும் விட்டார். கொட்டை கன்றுக்கும் மனிதருக்கும் ஏற்றதாயிற்று. ஆனால் இலையிலும் காயிலும் புள்ளி இல்லாமையால், சாதாரணமாய்ப் பருத்தியை அண்டாத பூச்சிகளும் வண்டுகளும்கூட அச்செடியைச் சூழ்ந்துகொண்டன; எலிகளும் முயல்களும் வயலில் இறங்கின. காவலை நீக்கியதும் களவு பெருகிற்று. விவசாயிகள் அதை ஏற்கவில்லை.

டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையில் கீர்த்தி ராதோர் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் வேறு வழியிற் சென்று, இலையிலும் காயிலும் காஸிபாலை இருக்கவிட்டு, விதையில் மட்டும் அது உண்டாகாதபடி மரபணுவை அடக்கும் உபாயத்தை 2006இல் வெளியிட்டனர். அந்தப் பருத்தியைப் பயிரிட 2018இலும், அதன் கொட்டையை ஆகாரமாக உபயோகிக்க 2019இலும் அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. இந்நாட்டுச் சந்தையில் மூட்டையாக வரும் கொட்டை அத்தகையதன்று. வயலிற் பூச்சியெதிர்ப்புக்கென விதைக்கப்படும் பி.டி. பருத்தியின் கொட்டையிலும் காஸிபால் வழக்கம்போலவே உண்டு. அதன் பூச்சியெதிர்ப்பு வேறு வகையைச் சேர்ந்தது.

சங்கம் சரக்கு வாங்கும்போது

பால் உற்பத்தியாளர் சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் பிண்ணாக்கை மொத்தமாக வாங்கும்போது, எந்த முறையில் எண்ணெய் எடுக்கப்பட்டது என்பதை ஆலையாரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். தனித்த காஸிபாலின் அளவைக் காட்டும் பரிசோதனைச் சீட்டை ஆலையாரிடம் கேட்பதில் தவறில்லை. தனியொரு குடியானவர் கேட்டால் கிடைக்காத சீட்டு, நூறு மூட்டை வாங்கும் சங்கம் கேட்டால் கிடைக்கும். சீட்டில் கண்ட எண்ணையும் ‘இளங்கன்றுக்கு ஆகாது’ என்ற வார்த்தையையும் கிடங்கின் வாசலில் எழுதி ஒட்டிவிட்டால், வாங்கிச் செல்லும் வீட்டுப் பெண்களும் சிறுவர்களும் அறிவார்கள். தொழுவத்தில் தீனி வைப்போர் பெரும்பாலும் அவர்களே.

கொட்டை மூட்டைகளை ஈரத்தரையில் அடுக்கலாகாது. நனைந்த கொட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்னும் வேறொரு நஞ்சு உண்டாகும். இது காஸிபாலைப் போலப் பெரும்பையில் அடங்குவதன்று. மாற்றுருவில் பசுவின் பாலிலும் இறங்கும். மோந்து பார்த்து முடைநாற்றம் வீசும் கொட்டையை விலைகுறைவென்று வாங்குவதில் இலாபமில்லை.

விதைப்புக்கு வாங்கிய கொட்டையில் மீதியிருப்பதை மாட்டுக்கு வைப்பதோ பெருந்தவறு. விதைக்கொட்டையை அமிலத்தில் பஞ்சு நீக்கி, பூஞ்சாணக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் பூசி, அடையாளத்துக்காகச் சாயமும் ஏற்றியே விற்கிறார்கள். கழுவினாலும் அவிட்டாலும் அம்மருந்துகள் முற்றும் நீங்கா. வளர்ந்த மாட்டின் பெரும்பையும் இவ்விஷயத்தில் உதவாது. சாயம் பூசிய மீதிக் கொட்டையை அதன் பையிலேயே பூட்டி வைத்து அடுத்த விதைப்புக்குப் பயன்படாவிடில், பைமீது அச்சிட்டுள்ள முறைப்படி கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் தொலைவில் அப்புறப்படுத்த வேண்டும்.